அணு உலையும் ஆபத்துக்கால ஆயத்தமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், வாகரையைக் கடந்து வெருகலை அடையுமுன் கதிரவெளி என்னும் ஊர் வருகிறது. தேசப்படத்தை விரித்து, அவ்வூரிலிருந்து நேர் மேற்காக ஒரு கோடு வரைந்து பார்ப்போமானால், அக்கோடு அநுராதபுரத்துக்குச் சற்றுத் தெற்காக இலங்கையைக் குறுக்கறுத்து, கற்பிட்டியில் கடலில் இறங்கி, மன்னார்க் குடாவைத் தாண்டி, தமிழ்நாட்டின் தென்கோடியிலே கூடங்குளத்தில் கரையேறுகிறது. ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் அமைந்த இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 400 கிலோமீற்றர். கூடங்குளத்திலே 1000 மெகாவாட் மின்சாரம் தரவல்ல அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. முதலாவது உலை 2013ஆம் ஆண்டு ஜூலையிலும், இரண்டாவது 2016ஆம் ஆண்டு ஜூலையிலும் முதன்முதலாக உயிர் பெற்றன. வேறு சில உலைகளும் அங்கே எழும்பிக்கொண்டிருக்கின்றன.

இலங்கையில் அணுமின் நிலையம் எதுவும் இல்லை. ஆயினும் அயலிலே ஒன்று இருக்கும்போது, அது நன்றோ தீதோ என்ற வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அயலவன் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "அங்கே ஆபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை யாவும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளன என்கிறீர்கள். எழுதியது நடக்குமா என்பதை யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்?" என்பதே அக்கேள்வி. நேயர்களே, இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அணு உலைக்கு இத்தனை முன்னேற்பாடு ஏன்? மற்ற யந்திரங்களை நிறுத்தினால் அவை நின்றுவிடுகின்றன. அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் சிறிது நேரத்தில் சாம்பல்தான் மிச்சம். அணு உலையின் இயல்பு அப்படியன்று. அணுப்பிளவு நின்ற அந்தக் கணத்திலும், முன்னர் பிளவுண்ட பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதனால், உலையின் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு எஞ்சி நிற்கும். ஒரு மணி நேரத்தின் பின் அது நூற்றுக்கு ஒன்றரை அளவாகவும், ஒரு நாளின் பின் ஏறக்குறைய அரைப் பங்காகவும் குறையும். அரைப் பங்குதானே என்று எண்ணிவிடக்கூடாது. கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்ப ஆற்றல் 3000 மெகாவாட் ஆகும். அதில் நூற்றுக்கு அரைப் பங்கென்பது 15 மெகாவாட். அவ்வெப்பத்தை நீரைச் செலுத்தி இடைவிடாது அகற்ற வேண்டும். அதற்குப் பம்பிகள் வேண்டும். பம்பிகளை இயக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரும் நிலையமே மின்சாரத்துக்குக் கையேந்தி நிற்கும் விசித்திரமான நேரம் அது. நீர் நின்றுவிட்டால் எரிபொருள் உருகும். உருகினால், அடைபட்டிருந்த கதிரியக்கப் பொருள்கள் வெளியேற வழி தேடும்.

ஆகையினால், ஆபத்தின் அளவை முன்கூட்டியே படிப்படியாக வகுத்துக்கொள்கிறார்கள். நிலையத்தின் ஒரு பகுதிக்குள் அடங்குவது, நிலைய எல்லைக்குள் அடங்குவது, எல்லை கடந்து ஊர்களைத் தொடுவது என மூன்று படிகள். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நீண்டகாலம் கைக்கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீற்றர் வரை அவசரத் திட்டம் வேண்டும். முதற்படிக்குரிய ஒத்திகை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் படிக்குரியது ஆண்டுக்கு ஒரு முறையும், ஊர்களையும் உட்படுத்திய பெரிய ஒத்திகை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் நடைபெற வேண்டும். முதல் இரண்டிலும் நிலைய நிர்வாகத்தின் கை ஓங்கியிருக்கும். மூன்றாவதிலோ பொறுப்பு மாவட்ட ஆட்சித் தலைவருடையது. வேலிக்கு உள்ளே அதிகாரம் செய்பவர் ஒருவர். வேலிக்கு வெளியே வேறொருவர். பரிசோதகருடைய வேலை கடினமாவது இந்த வேலியின் அருகேதான்.

பரிசோதகர் எதைப் பார்க்கிறார்? திட்ட ஏட்டைப் பார்க்கிறார் என்பது உண்மையே. ஆனால் ஏட்டைப் பார்ப்பதற்கு ஒரு முற்பகல் போதும். அதன்பின் அவர் செய்வன மிகச் சாதாரணமான காரியங்கள். ஏட்டில் உள்ள தொலைபேசி இலக்கம் ஒன்றை நள்ளிரவில் சுழற்றிப் பார்க்கிறார். அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போய், இலக்கம் மட்டும் ஏட்டிலே தங்கியிருக்கக்கூடும். டீசல் யந்திரத்தை, "சென்ற வாரம் இயக்கிப் பார்த்தோம்" என்ற சொல்லை ஏற்காமல், தம் கண்முன்னே இயக்கச் சொல்கிறார். கதிர்வீச்சை அளக்கும் கருவியை எடுத்து, அதன் அளவு கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று சீட்டைப் படிக்கிறார். கட்டுப்பாட்டு அறையின் நாட்குறிப்பில், கோளாறு தெரிந்த மணி எது, அவசரநிலை என்று அறிவித்த மணி எது, ஊருக்குச் சொன்ன மணி எது என்ற மூன்றையும் ஒப்பிடுகிறார். இம்மூன்றுக்கும் இடையே உள்ள நிமிடங்களே அவருக்கு வேண்டிய விடை.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் பார்க்க வேண்டியது, சென்ற முறை குறிப்பிட்ட குறைகள் இம்முறை நீங்கியுள்ளனவா என்பது. இது சிறிய காரியம்போலத் தோன்றும். ஜப்பானில் நடந்ததைக் கேட்டால் அதன் பாரம் விளங்கும்.

புக்குஷிமா அணுமின் நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தூரத்தில், ஆபத்து வேளையில் அரசாங்கமும் உள்ளூராட்சியும் நிலையத்தாரும் ஒருங்குகூடி ஆணையிடுவதற்கென்றே ஒரு மத்திய நிலையம் கட்டி வைத்திருந்தார்கள். கதிரியக்கத் துகள்களைத் தடுக்கும் காற்று வடிகட்டி அக்கட்டடத்தில் இல்லை. அணு விபத்துக்கென்று கட்டிய கட்டடத்தில் அணுத்தூசியைத் தடுக்கும் சாதனம் இல்லை! இது எவர் கண்ணிலும் படாமற் போகவில்லை. 2009ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய உள்விவகார அமைச்சு இக்குறையை அணுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எடுத்துக் காட்டியிருந்தது. குறை குறையாகவே இருந்தது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் பேரலையும் வந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன, கதிர்வீச்சு ஏறியது, நான்கு நாட்களுக்குள் அம்மத்திய நிலையத்தைக் கைவிட்டு எல்லோரும் புக்குஷிமா நகரத்துக்குப் போக நேர்ந்தது. பரிசோதனை நடந்தது, குறை கண்டார்கள், எழுதினார்கள், அதற்குப் பின் ஒன்றும் நடக்கவில்லை. பரிசோதனையே செய்யாத நாட்டுக்கும் இதற்கும் பலனளவில் வேற்றுமை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே விபத்தில் இன்னும் துயரமான ஒரு சம்பவம் உண்டு. நிலையத்துக்கு அண்மையில் இருந்த வைத்தியசாலையொன்றிலிருந்து, படுக்கையோடு படுக்கையாய்க் கிடந்த முதியவர்களைப் பஸ்களில் ஏற்றி அகற்றினார்கள். எங்கே கொண்டுசெல்வது, யார் உடன் செல்வது என்ற ஏற்பாடு சரிவர இருக்கவில்லை. பஸ்கள் பல மணி நேரம் ஓடின. வழியிலும், போய்ச் சேர்ந்த சில நாட்களிலுமாக நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளர் மாண்டனர். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சன்று, அப்பயணமே. "மக்களை அகற்றுதல்" என்று திட்டத்தில் ஒரு வரியை வாசிக்கும் பரிசோதகர், எத்தனை பஸ், எத்தனை சாரதி, எழுந்து நடக்கமாட்டாதவர் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த வைத்தியசாலையில் கட்டில் என்று எண்ணிக் கேட்பது இதனாலேயே.

நம் கடலுக்கே உரிய ஒரு சம்பவத்தை இனிப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராத் தீவின் அருகே, இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குக் கடலடியில் நிலம் பிளந்தது. அந்நாளில் இலங்கையின் கடிகாரம் அரை மணி முன்னே ஓடிற்று. ஆதலால் நமக்கு அது 6.59. அங்கிருந்து புறப்பட்ட அலை ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகப் பிரயாணம் செய்து நமது கிழக்குக் கரையைத் தாக்கிற்று. வாகரை, கதிரவெளிக் கரையும் அதற்குத் தப்பவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் அதே அலை, கதிரவெளியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கல்பாக்கத்தை அடைந்தது. அங்கே இருப்பது சென்னை அணுமின் நிலையம்.

அந்த நிலையத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். இரண்டு உலைகளில் ஒன்று திருத்த வேலைக்காக முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. மற்றது ஓடிக்கொண்டிருந்தது. அலை, கடல்நீரை இறைக்கும் பம்பி நிலையத்துக்குள் புகுந்து பம்பிகளை நிறுத்திற்று. இயக்குநர்கள் உடனே உலையை நிறுத்தி, எஞ்சிய வெப்பத்தை முறைப்படி அகற்றி, அதனைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிரதான கட்டடங்கள் மேட்டில் இருந்தமையால் நீர் அவற்றை எட்டவில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் அறுபடவில்லை. சோதனைகளின் பின், 2005ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் உலை மீண்டும் ஓடியது. ஆறாண்டுகளுக்குப் பின் புக்குஷிமாவில் தாழ்ந்த அறைகளில் வைத்த டீசல் யந்திரங்கள் மூழ்கிக் கிடந்ததை எண்ணும்போது, கல்பாக்கத்து ஊழியர்களின் நிதானத்துக்கும் கட்டட அமைப்புக்கும் உரிய பாராட்டை மறுக்க இயலாது.

வேலிக்கு வெளியே நடந்தது வேறு. நிலைய ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் வாழ்ந்த குடியிருப்பு கடலை அடுத்து இருந்தது. அங்கே பலர் மாண்டனர். உலையைக் காக்கும் கலையில் தேர்ந்தவர்கள் வாழ்ந்த அதே இடத்தில், அவர்களுடைய மனைவி மக்களுக்கு "மேட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டு மணிக்கும் மேற்பட்ட நேரம் கிடந்தது. உலகின் பல நிலையங்களில் நிலநடுக்கமானிகள் எழுதிக்கொண்டே இருந்தன. அறிவு இருந்தது, அது கடற்கரைக்கு நடந்து வரும் பாதை இருக்கவில்லை. கதிரவெளிக்கும் அதே கதிதான். ஆனால் கதிரவெளியிலே திட்டம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கல்பாக்கத்திலோ அலமாரி நிறைய இருந்தது. அவ்வேடுகள் அணு விபத்துக்காக எழுதப்பட்டவை, பேரலைக்காக எழுதப்பட்டவை அல்ல என்று சிலர் விடை சொல்லக்கூடும். அலை வந்து கேட்டபோது அந்த வேற்றுமையால் எவருக்கும் பயன் இருக்கவில்லை.

அமெரிக்காவில் இப்பாடத்தை 1979ஆம் ஆண்டிலேயே படித்தார்கள். திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் உலை உருகியபோது, கர்ப்பிணிகளும் பாடசாலைக்குச் செல்லாச் சிறுவர்களும் ஐந்து மைல் வட்டத்தை விட்டு விலகலாம் என்று மாநில ஆளுநர் ஆலோசனை கூறினார். விலகியவர்களோ 1,40,000 பேர் அளவினர். அழைத்தது சிலரை, எழுந்தது ஓர் ஊர்த்திரள். அதன்பின் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 10 மைல் வட்டத்துக்குத் திட்டமும், இரண்டாண்டுக்கு ஒரு முறை வெளியாரின் கண்முன்னே ஒத்திகையும் கட்டாயமாயின. நியூயோர்க் அருகே லோங் ஐலண்டில் ஷோர்ஹம் என்னும் நிலையத்தைக் கட்டி முடித்தும், அந்த ஒடுங்கிய தீவிலிருந்து மக்களை அகற்ற இயலாது என்று உள்ளூராட்சி கைவிரித்தமையால், வர்த்தக ரீதியில் ஒரு நாளேனும் மின்சாரம் விற்காமலே 1989ஆம் ஆண்டில் அதனை மூட உடன்பட்டார்கள். உலையில் பழுதில்லை, பாதையில்தான் பழுது.

இந்தியாவில் ஒத்திகைகள் நடப்பது மெய். கூடங்குளத்தில் எரிபொருள் ஏற்றுமுன், 2012ஆம் ஆண்டு ஜூனில் நக்கநேரி என்னும் ஊரில் வெளி ஒத்திகை நடந்தது. அந்நாளில் இடிந்தகரை முதலிய கடலோர ஊர்களில் நிலையத்துக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. 2013ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோது, உள்ளும் புறமும் அவசர ஒத்திகைகளைக் காலந்தோறும் நடத்த வேண்டும் என்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் ஏனையோருக்கும் கட்டளையிட்டது. ஆனால் ஒத்திகையை யார் பார்ப்பது? 2012ஆம் ஆண்டு இந்தியக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றிச் சமர்ப்பித்த அறிக்கை இந்த இடத்தில்தான் கை வைத்தது. நிலையத்துக்குள் நடக்கும் ஒத்திகைகளை வாரியம் நேரிற் பார்ப்பதில்லை, அவற்றைப் பற்றி நிலையத்தார் அனுப்பும் அறிக்கைகளையே வாசிக்கிறது என்றது அது. வெளி ஒத்திகைகள் ஆயத்தக் குறைவையே காட்டின என்றும், குறைகளைத் திருத்தும்படி சொன்னதை நிறைவேற்றுவிக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் கூறிற்று. பரீட்சை எழுதிய மாணவனே தன் புள்ளியையும் எழுதி அனுப்பினால் ஆசிரியருக்கு வேலை இலகுவாகும்! 2015ஆம் ஆண்டில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து அவ்வாரியத்தையே பரிசீலித்தது. நிலையங்களுக்கு இன்னும் அடிக்கடி நேரிற் செல்ல வேண்டும், அவசர வேளையில் வாரியம் தான் ஆற்ற வேண்டிய பணிக்கும் விரிவான நடைமுறைகளை எழுதிக்கொள்ள வேண்டும் என்பன அதன் ஆலோசனைகளுள் அடங்கும். பரிசோதகரையும் ஒருவர் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

அயடீன் மாத்திரையைப் பற்றி ஒரு சொல். செர்னோபில் நிலையம் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி வெடித்தபோது, அருகிலிருந்த பிரிப்யாட் நகரத்து மக்கள் ஏறக்குறைய 49,000 பேரை அகற்ற 36 மணி நேரம் கழிந்தது. புல்லில் படிந்த கதிரியக்க அயடீன் பசுவுக்கும், பசுவிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து பிள்ளைகளின் தைரொயிட் சுரப்பிக்கும் போயிற்று. பின்னாளில் அப்பிள்ளைகள் பலருக்கு அச்சுரப்பியில் புற்றுநோய் கண்டது. அயல் நாடான போலந்திலோ, சில நாட்களுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி பிள்ளைகளுக்குச் சாதாரண அயடீனைக் கொடுத்து, சுரப்பியை முன்னரே நிரப்பிவிட்டார்கள். நிரம்பிய பாத்திரத்தில் நஞ்சுக்கு இடமில்லை. ஆனால் இம்மாத்திரை காலத்தோடு உண்ண வேண்டியது. கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்து சில மணி நேரத்துக்குள்ளோ உண்டால் பயன். ஒரு நாள் கழித்து உண்டால் நன்மையினும் தீமையே அதிகம். அயடீனன்றி வேறெந்தக் கதிரியக்கப் பொருளுக்கும் அது மருந்தன்று. ஆகவே பரிசோதகர் கேட்பது, "மாத்திரை இருக்கிறதா?" என்பதோடு நிற்பதில்லை. எந்த அலமாரியில், திறப்பு யாரிடம், விடுமுறை நாளில் அவர் எங்கே, கடைசி வீட்டுக்கு அது போய்ச் சேர எத்தனை மணி என்றும் கேட்கிறார். புக்குஷிமாச் செய்தி கேட்டுச் சீனாவில் மக்கள் கடைகளிலே அயடீன் கலந்த உப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். சுரப்பியை நிரப்பும் அளவு அயடீனை உப்பிலே பெற வேண்டுமாயின், உப்பே ஆளை முடித்துவிடும்.

இவையெல்லாம் நிலையத்துக்கு அண்மையில் உள்ளவர்களுக்கு. 400 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கதிரவெளிக்கு என்ன? சர்வதேச அணுசக்தி முகவரகம் பெரிய உலைகளைச் சுற்றிப் பல வட்டங்களை வகுத்துள்ளது. உடனே அகல வேண்டிய வட்டம் 3 முதல் 5 கிலோமீற்றர். அடுத்தது 15 முதல் 30. அளந்து பார்த்து முடிவு செய்வது 100. உணவையும் பாலையும் குடிநீரையும் காக்க முன்கூட்டியே ஆயத்தம் வேண்டியது 300. கற்பிட்டியும் நமது வடமேற்குக் கரையும் இந்தக் கடைசி வட்டத்துக்குள் அடங்குகின்றன. கதிரவெளி அதற்கும் வெளியே. ஊரை விட்டு ஓட வேண்டிய தேவையோ, மாத்திரை விழுங்க வேண்டிய தேவையோ அங்கே எழும் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆயினும் காற்று வட்டங்களைக் கண்டு நின்றுவிடுவதில்லை. நமது கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்லும் காற்று வீசும் மாதங்களில், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமாயின், கூடங்குளத்திலிருந்து புறப்படும் காற்று 20 மணி நேரத்தில் இந்தத் தூரத்தைக் கடந்துவிடும். வாடை வீசும் மாதங்களிலோ அது மறுபுறம் போகும். ஆகவே முதலிற் கேட்க வேண்டியது மாதம் எது, காற்று எத்திசை என்பதே. அளக்காமல் எதுவும் சொல்லக்கூடாது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை அணுசக்திச் சபையும், அணுசக்தி ஒழுங்குறுத்தற் பேரவையும் இத்துறையைக் கவனிக்கின்றன. கதிர்வீச்சை இடைவிடாது அளந்து அறிவிக்கும் நிலையங்கள் கரையோரங்களில் நிறுவப்பட்டுள்ளன. 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் அணுசக்தித் துறையில் ஒத்துழைக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையிலும் இரு நாடுகளும் சேர்ந்துள்ளன. டில்லியிலிருந்து கொழும்புக்குச் செய்தி வரும் வழி, இவ்வாறு, எழுத்திலே உண்டு.

கொழும்பிலிருந்து கதிரவெளிக்கு வரும் வழியைத்தான் நாமே பரிசோதிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பின் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில் மீண்டும் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது, கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி நடந்தார்கள். பேரலைக்குச் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே: ஓடு. கதிரியக்கம் நேர்ந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவு சுருக்கமானதன்று. கடலுக்குப் போகலாமா? பிடித்த மீனை விற்கலாமா? மேய்ச்சலுக்கு விட்ட எருமையின் பாலையும் தயிரையும் உண்ணலாமா? கிணற்றை மூட வேண்டுமா? வெள்ளாமை வெட்டலாமா? கடலையும் வாவியையும் நம்பி வாழும் ஒரு கரையிலே, அளவையோடு கூடிய விடை ஒரு நாள் தாமதித்தால், வதந்தி அந்த ஒரு நாளில் மீன் சந்தையை மூடிவிடும். அவ்விடையை யார் தருவது, பிரதேச செயலகத்துக்கு அது எந்த மணிக்கு வந்து சேர்வது, அங்கிருந்து தோணித்துறைக்கு யார் கொண்டுபோவது, எந்தக் கடற்பரப்பு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று பெயர் குறித்துத் தமிழிலே யார் வாசிப்பது என்பவற்றை, ஒரு சாதாரண நாளில், முன்னறிவித்தல் இன்றி ஒருவர் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கலாம்.